இடுப்பில் கட்டிய அரிசி

யோகராஜாவுக்கு வெளியே போகப் பயம் என்று யாராவது சொன்னால் கோபம் வந்துவிடும். பயம் இல்லை, நம்பிக்கை இல்லை, அவ்வளவுதான் என்பார்.

இலண்டனுக்கு வந்த புதிதில், நல்ல தைமாதக் குளிரில், மிச்சம் என்ற இடத்து மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் தனியாக ஒரு பஸ் ஏறினார். உள்ளே போய்ப் பார்த்தால் இருந்த அத்தனை பேருடைய கையும் கோட்டுப் பொக்கற்றுக்குள் இருந்தது. ஒரு கையைக்கூடக் காணவில்லை. அடுத்த தரிப்பிலேயே இறங்கி நடந்து வீட்டுக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகு மனைவி தவநாயகி இல்லாமல் வாசற்படி தாண்டியதில்லை.

கை பார்ப்பதுதான் அவருடைய உத்தியோகமாக இருந்தது. கொழும்பில் இரத்தினக்கல் வியாபாரி செபமாலைமுத்து முதலாளிக்கு இருபது வருடம் காரோட்டியும் காவலும் அவர்தான். முகத்தில் என்ன இருக்கிறது, கள்ளனும் சிரிப்பான். கையைப் பார்க்கவேண்டும். கொழும்பு வெக்கையில் எவனும் கையை ஒளித்து வைப்பதில்லை. ஒளித்தவன் ஒருவன் இருந்தால் அவனைக் கவனித்தால் போதும். இங்கே ஊர் முழுக்க ஒளித்துக்கொண்டு திரிகிறது.

அப்போது அவருடைய வலது இடுப்பில், சேட்டுக்கு உள்ளே, லைசென்ஸ் எடுத்த ஒரு சின்னக் கைத்துப்பாக்கி இருக்கும். சின்னது என்று பெயர்தான். காலையில் சின்னது, பின்னேரமானால் அம்மிக்கல். கார் ஆசனத்தில் இருந்தால் இடுப்பு எலும்பைக் குத்தும். பெல்ட்டை இறுக்கினால் வயிறு நோகும், தளர்த்தினால் களிசான் இறங்கும். விழுந்த சாமானை எடுக்கக் குனியமுடியாது, முழங்காலை மடித்துத்தான் இருந்து எழும்பவேண்டும். வேர்வை பட்டு அந்த இடத்துத் தோல் கறுத்தே போயிற்று. அவர் அதைத் திட்டாத நாள் இல்லை.

எண்பத்துமூன்று கலவரத்தோடு முதலாளி கனடாவுக்குப் போனார். யோகராஜா துப்பாக்கியைப் பொலிசில் ஒப்படைத்துவிட்டு வந்தார். அன்றைக்கு இடுப்பு பஞ்சு மாதிரி இருந்தது. அடுத்த நாள் நடக்கும்போது இடது பக்கம் சரிந்து விழப்போகிறமாதிரி இருந்தது. அந்தச் சரிவு இன்னும் போகவில்லை.

இப்படியே நாள் போயிருக்கும். எண்பத்தெட்டில் தவநாயகியின் பித்தப்பையில் கல் என்று சொல்லி, ஒப்பரேசனுக்கு நாள் குறித்துவிட்டார்கள்.

“நான் ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை ஆர் வந்து பாக்கிறது?” என்று கேட்டாள்.

“வதனா வருவாள்தானே” என்று மகளைச் சொன்னார்.

“அவள் ஃபாரஸ்ட் கேட்டிலை இருந்து கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு நாளும் வரேலுமே? உங்களுக்கு ஒரு பஸ். ஏறி இருந்தால் சரி.”

“பஸ்ஸிலை எல்லாரும் கையை ஒளிச்சு வைச்சிருக்கிறாங்கள்.”

“குளிருக்கு வைச்சிருக்குதுகள்.”

“எல்லாருமே குளிருக்குத்தான் எண்டு உனக்கு என்னெண்டு தெரியும்?”

தவநாயகி அவருடைய இடுப்பைப் பார்த்தாள். “உந்த இடுப்பிலை அது இருந்தால் வருவியளோ?”

“ஓம்.” யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது.

“இந்த ஊரிலை அதைக் கட்டிக்கொண்டு திரிஞ்சால் பஸ்ஸிலை வரத் தேவையில்லை. பொலிஸே தன்ரை வாகனத்திலை ஏத்திக்கொண்டு போவான்.”

அடுத்த நாள் காலை, பழைய பாவாடைத் துணியில் ஒரு பை தைத்து நாடா கோத்து வைத்திருந்தாள். அரிசி வாளியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, “வந்து நில்லுங்கோ. கனம் சொல்லுங்கோ” என்றாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பையை இடுப்பில் பிடித்தபடி அவள் பிடிபிடியாக அரிசி போட்டாள்.

“இன்னும் போடு.”

“இன்னுமோ? உதென்ன பீரங்கியோ?”

“முழுக்கக் குண்டு போட்டால் உப்பிடித்தான். போடு… இன்னும் கொஞ்சம்… காணும், போதும்.”

கண்ணைத் திறந்தார். நேராக நின்றார். சரிவு இல்லை. கோட்டைப் போட்டதும் ஒரு பக்கம் வீங்கித் தெரிந்தது.

“வதனாவைச் சுமக்கேக்கை நானும் உப்பிடித்தான் நிண்டனான்” என்று அவள் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

சிரித்தால் சிரிக்கட்டும். நடந்து பார்த்தார், இருந்து பார்த்தார். இரும்பு எலும்போடு சண்டை பிடிக்கும். அரிசி இருக்கிற இடத்துக்கு ஏற்றமாதிரி நெளிந்து கொடுத்தது. இருபது வருடம் ஏன் அரிசியைக் கட்டவில்லை என்று யோசித்தார்.

முதலில் மூலைக்கடைக்குப் போய்ப் பால் வாங்கி வந்தார். பிறகு பஸ்ஸில் ஒரு தரிப்பு. பிறகு இரண்டு. கைகள் எல்லாம் ஒளிந்தேதான் இருந்தன. அவருக்கும் இடுப்பில் கனம் இருந்தது. சரிக்குச் சரி.

ஒரு நாள் காலை பையைக் கட்டும்போதே குறைகிறது என்று தெரிந்தது. ஒரு குண்டு குறைந்தாலே சொல்கிற இடுப்பு அது. தையல் விட்டுவிட்டதோ என்று பார்த்தார், இல்லை. எலியோ என்று அலுமாரியைக் கிண்டினார், இல்லை. மருமகன் ஞாயிற்றுக்கிழமை வந்து போனவன், அவன்மேலும் கொஞ்ச நேரம் சந்தேகம் இருந்தது. அரிசியை அவன் ஏன் எடுக்கப்போகிறான் என்று பிறகுதான் விட்டார்.

குளித்துவிட்டு வந்த ஒரு காலையில் குசினிக் கதவு இடுக்கால் கண்டுபிடித்தார். தவநாயகி பையை அவிழ்த்து ஒரு பிடி அரிசியை உலைப் பானையில் போட்டுக்கொண்டிருந்தாள். அவருக்குத் தலைக்கு ஏறியது. அவருடைய இடுப்பில் ஒருவரும் கை வைத்ததில்லை. கதவைத் தள்ளப் போனார்.

அவள் பையை உள்ளங்கையில் வைத்து மெல்லத் தூக்கிப் பார்த்தாள். கூட எடுத்துவிட்டோமோ என்று யோசித்தாள் போல. வாளியில் இருந்து ஒரு கிள்ளு அரிசியை எடுத்துத் திரும்பப் பைக்குள் போட்டாள். பிறகு முடிந்து வைத்தாள்.

அந்த ஒரு கிள்ளு அரிசியில் அவர் நின்றுவிட்டார். சத்தம் போடாமல் திரும்பிப் போனார்.

மத்தியானம் சாப்பிடும்போது, “சோறு இண்டைக்கு நல்லாயிருக்கு” என்றார். கலியாணம் கட்டிய நாளில் இருந்து கேட்காத சொல். அவள் அவருடைய நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

“காய்ச்சல் இல்லை” என்றாள்.

அவள் குறைத்துக்கொண்டே போனாள், அவர் தெரியாதமாதிரி கட்டிக்கொண்டே போனார். ஒப்பரேசனுக்கு மகள் வந்து கூட்டிப்போன அன்றைக்குப் பையில் இரண்டு பிடி அரிசி இருந்தது.

ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது. இரண்டு நாள் மகள் போய் இருந்தாள். மூன்றாம் நாள் ரெலிபோன் எடுத்தாள்.

“அப்பா, பிள்ளைக்குச் சளி, எனக்கு இண்டைக்கு வரேலாது. அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சாப்பாடு ஒத்துவரேல்லை. கஞ்சி குடுக்கலாமாம். நீங்கள்…” என்று இழுத்தாள்.

“சரி” என்று வைத்துவிட்டார்.

கோட்டைப் போட்டுப் பையைக் கையில் எடுத்தார். கட்டப் போனவர் முடிச்சை அவிழ்த்து அரிசியைப் பானையில் கொட்டினார். அடுப்பு மூட்டத் தெரிந்தது. மற்றது ஒன்றும் தெரியாது. அடிப்பிடித்தது. உப்பு எவ்வளவு என்று தெரியாமல் போட்டார். பிளாஸ்கில் ஊற்றினார். கையில் பை தூக்கிக்கொண்டு போக அவருக்குப் பிடிக்காது, கை சும்மா இருக்கவேண்டும். ஆகவே பிளாஸ்கைக் கோட்டுப் பொக்கற்றில் வைத்துச் சரிந்துவிடாமல் கையால் பிடித்துக்கொண்டார்.

பஸ்ஸில் எதிரே இருந்த வெள்ளைக்காரக் கிழவி அவருடைய பொக்கற்றைப் பார்த்தாள். பிறகு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்போதுதான் தன்னுடைய கையும் ஒளிந்திருப்பது அவருக்குத் தெரிந்தது. எடுக்கவில்லை. கஞ்சி சரிந்துவிடும்.

தவநாயகி வெளிறிப்போய்க் கிடந்தாள். அவரைக் கண்டதும் கதவுப் பக்கம் பார்த்தாள், கூட யாராவது வருகிறார்களோ என்று.

“தனியவோ வந்தனீங்கள்?”

“பஸ்ஸிலை.”

அவள் கை கோட்டுக்குள் போய் அவருடைய வலது இடுப்பைத் தடவியது. ஒன்றும் இல்லை.

“எங்கை அது?”

அவர் பிளாஸ்க் மூடியில் கஞ்சியை ஊற்றிக் கொடுத்தார். அவள் ஒரு வாய் குடித்தாள்.

“அடிப்பிடிச்சிருக்கு.”

“ஓம்.”

“உப்பும் கூட.”

“ஓம்.”

இன்னொரு வாய் குடிக்கப் போனவள் மூடியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். “இது அந்த அரிசியோ?”

“நீ எடுக்காமல் விட்டது.”

“எப்ப தொடக்கம் தெரியும்?”

“இடுப்புக்கு முதற் பிடியிலேயே தெரியும்.”

“பிறகேன் ஒண்டும் சொல்லேல்லை?”

“நீயும் சொல்லேல்லைத்தானே.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். “சிரிக்கப் பண்ணாதேங்கோ, தையல் இழுக்குது.” மிச்சக் கஞ்சியையும் குடித்து முடித்து மூடியை நீட்டினாள். “நாளைக்கு உப்பைக் குறைச்சுப் போட்டுக்கொண்டு வாங்கோ.”

அவர் மூடியைத் துடைத்துப் பிளாஸ்கை இறுக்கிப் பூட்டினார்.

“நாளைக்கு வாளி அரிசிதான்” என்றார். “எத்தினை பிடி எண்டு இப்பவே சொல்லு.”