நான்காம் எண் பை

சனிக்கிழமைக்குள் நான்காம் எண் பையின் கோளாறைக் கண்டுபிடிக்காவிட்டால் முதுகுப்பை வேலையையே நிறுத்திவிடலாம் என்று முதலாளி ஹாலாஸ்யம் சார் சொல்லியிருந்தார். இன்று வெள்ளி, மாலை ஐந்தரை மணி. ஆர்த்திகா அந்தப் பையின் உள்துணியை மூன்றாவது முறையாகப் பிரித்து, மூன்றாவது முறையாகத் தைத்து முடித்திருந்தாள். ஊசி குத்திய விரல் எரிந்தது.

கோச்சடையில் நாலு பேர் வேலை பார்க்கும் சின்ன நிறுவனம் அது. நாளெல்லாம் சுமையோடு பைக்கில் அலைகிறவர்களுக்காக அந்தப் பையை வடிவமைத்தவள் அவள்தான். முதுகுப்பக்கம் ஒரு சென்சார் இருந்தது. மாட்டியிருப்பவர் முன்னாலோ பின்னாலோ அதிகம் சாய்ந்தால் பை அதிர்ந்து, நிமிரச் சொல்லும். ஐந்து வாரமாக நாலு பேர் அதை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலாவது ஆள் அவள் கணவன் ராஜபாண்டி. தண்ணீர் சுத்திகரிப்பு மெஷின் பழுது பார்க்கிறவன்.

மற்ற மூன்று பைகளும் ஒழுங்காகக் கணக்குக் காட்டின. நாலாவது மட்டும் பகலெல்லாம் சரியாக இருந்துவிட்டு, மாலை ஆறே காலுக்கு மேல் அரை மணி நேரம், ராஜபாண்டி இருபது டிகிரி பின்னால் சாய்ந்திருப்பதாகச் சொன்னது. பைக் ஓட்டுகிறவன் ஈசிசேரிலா படுத்திருப்பான்? பகல் வெயிலில் பேட்டரி சூடேறித்தான் இப்படி என்று நினைத்து பேட்டரியை மாற்றினாள். பிறகு வயர். இன்றைக்குச் சென்சாரையே மாற்றிவிட்டாள். இதற்காகவே ராஜபாண்டி காலையில் பையை அவளிடம் விட்டுவிட்டு, சாமான்களைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருந்தான்.

ஆறு மணிக்கு வந்து பையை வாங்கி மாட்டிக்கொண்டான்.

"முடிஞ்சுச்சா?"

"முடியல மாமா. நானே முடிஞ்சிட்டேன்."

"சரி, ஏறு."

திருமங்கலத்திலிருக்கும் வீட்டுக்கு முக்கால் மணி நேரம். காளவாசல் சிக்னலில் இரண்டு தரம் நின்று நகர்ந்தார்கள். மற்ற நாட்களில் பழங்காநத்தம் தாண்டுவதற்குள் அவள் கணவன் முதுகில் சாய்ந்து தூங்கியிருப்பாள். இன்று நாளைய கவலையில் கண் மட்டும் மூடியிருந்தது. நாலுவழிச் சாலையில் ஏறியதும் ராஜபாண்டி மெல்ல முன்னால் குனிந்தான். அவள் கன்னத்துக்கடியில் ஏதோ அதிர்ந்தது. விட்டு விட்டு அதிர்ந்தது. அவள் கையை முன்னால் நீட்டினாள். அவன் நெஞ்சில் பை இருந்தது.

"மாமா, வண்டிய ஓரங்கட்டுங்க."

இளநீர்க் கடை ஓரம் நிறுத்தினான்.

"பை எதுக்கு முன்னாடி கெடக்கு?"

"பின்ன? பையப் பின்னாடி மாட்டுனா நீ டயர்லதான் உக்காரணும்."

"தெனமுமா?"

"தெனமுந்தான். ஊரே அப்படித்தான் போகுது. அந்தா பாரு."

நெஞ்சில் பையும் பின்னால் மனைவியுமாக ஒருவர் போனார். பின்னாலேயே இன்னொருவர்.

"குனிஞ்சு ஓட்டுறீங்களே, அது எதுக்கு?"

"நீ ஏறுனதும் தூங்கிருவ. நிமிந்து உக்காந்தா தலை சரியுது. கொஞ்சம் குனிஞ்சா நிக்குது."

"அதிருமே மாமா."

"அதிரும். கப்பலூர் வர அதிரும். அப்புறம் பழகிரும்."

"தொந்தரவு எதுவும் இல்லன்னு எழுதிக் குடுத்தீங்க."

"நீ இம்புட்டுப் பாடுபட்டுச் செஞ்சதப் போயி நொட்டை சொல்லச் சொல்றியா?"

ஆர்த்திகா சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சில் மாட்டிய பைக்கு, முன்னால் குனிவது பின்னால் சாய்வதுதான். பை ஒருநாள்கூடத் தப்புச் சொல்லவில்லை. தினமும் அந்த வண்டியில் ஏறிப்போன அவளுக்குத்தான் உறைக்கவில்லை.

"மூணு தடவ பிரிச்சுத் தச்சேன்," என்றாள்.

"கேட்டிருந்தா சொல்லிருப்பேன்."

"கேக்கத்தான் முழிச்சிருக்கணும்ல."

அவன் இளநீர் வாங்கிக் கொடுத்தான். பாதி குடித்துவிட்டு மீதியை அவனிடம் நீட்டினாள்.

சனிக்கிழமை காலை ஹாலாஸ்யம் சார் லேப்டாப்பில் பையின் சாய்வுக் கோட்டை நெடுநேரம் பார்த்தார்.

"அப்போ கோளாறு பையில இல்லேங்கற."

"இல்ல சார். சாயங்காலம் பின்னாடி ஒருத்தர் ஏறுவாங்கன்னு நான் நெனைக்கவே இல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "என் ஆத்துக்காரி ஸ்யாமளாவைக் கோயிலுக்கு அழைச்சிண்டு போறச்சே நானும் முன்னாடிதான் மாட்டிக்கறேன். எனக்கும் தோணலையேம்மா." சட்டைத் துணியில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "சரி. முன்னாடி மாட்டினா வாயை மூடிண்டு இருக்கற மாதிரி பண்ணு. எட்டு பை தச்சுடு. இன்னும் அஞ்சு வாரம் பார்க்கலாம்."

வேலை தப்பியது. சந்தோஷம் வரும் என்று காத்திருந்தாள். எட்டுப் பைகளின் தையல்தான் விரல் நுனிக்கு வந்தது.

மாலையில் ராஜபாண்டி பையை நெஞ்சில் மாட்டியபடியே வந்து நின்றான்.

"என்ன சொன்னாரு?"

"இன்னும் அஞ்சு வாரமாம்."

"அப்ப நான் இன்னும் அஞ்சு வாரம் அதிரணும்."

"இன்னைக்கு நான் தூங்கல. நீங்க நிமிந்தே ஓட்டுங்க."

"சரிங்க மேடம்."

திங்கட்கிழமை காலை அவள் லேப்டாப்பைத் திறந்தாள். சனிக்கிழமை மாலை ஆறு இருபத்திரண்டுக்கு நான்காம் எண் பையின் கோடு பின்னால் சாய்ந்திருந்தது. திருமங்கலம் வரை நிமிரவே இல்லை. பக்கத்தில் காரணம் எழுதக் கட்டம் இருந்தது. ஐந்து வாரமாக அவள் அதில் கேள்விக்குறிதான் போட்டு வந்தாள்.

'மனைவி தூங்கிவிட்டாள்' என்று எழுதிவிட்டு, எட்டில் முதல் பைக்கான துணியை வெட்ட எடுத்தாள்.