எலி கடித்த கொடி

எங்கள் மாலை வகுப்பில் ஆசிரியரோடு சேர்த்துப் பதினேழு பேர். காஜா பேராங் பகுதியில் தம்பிராஜா என்ற செட்டி இனத்துக்காரரின் வீட்டு முன்பகுதியில் வாரம் நான்கு நாள் ஆங்கிலமும் கணக்கும் படித்தோம். பகலில் நான் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் துணி எண்ணுகிறவன். எண்ணி எழுதிப் பழகிய கை என்பதால் என்னை வகுப்பின் செயலாளராக்கிக் கூட்டக் குறிப்புப் புத்தகத்தைக் கொடுத்திருந்தார்கள். தேவதாஸ் விஷயத்தை அந்தப் புத்தகத்தில் எழுதவேண்டிய விதத்தில் நான் எழுதவில்லை. அதனால் இங்கே, என் சொந்த நாட்குறிப்பில், வரிசை தப்பாமல் எழுதிப் பார்க்கிறேன்.

தொடக்கம் போன வருடம், 1957 ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை. மலாய் நாட்டுச் சுதந்திரத்துக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது. அன்று விவாதம். கொடியை எரிப்பது பேச்சாகுமா என்ற தலைப்பைக் கொடுத்தவர் எங்களுக்குப் பாடம் சொல்லும் கருணாகரன் சார். கிடங்கு ஒன்றில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்ப்பவர். மகாராணிக்கு முடிசூட்டிய வருடம் தன் சைக்கிளின் முன்னும் பின்னும் வெள்ளைக்காரன் கொடியைக் கட்டிக்கொண்டு ஊர்வலத்தில் போனவர். அந்தப் படத்தைச் சட்டம் போட்டு வகுப்பில் மாட்டியிருந்தார். ஜூலையில்தான் கழற்றினார். சுவரில் அதன் சதுரம் இன்னும் வெளுப்பாகத் தெரிகிறது.

அன்று சார் நாற்பது நிமிடம் பேசினார். நாக்கால் பேச விடாதவனிடம் நெருப்பால் பேச வேண்டும் என்றார். சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துக் குலுக்கிக் காட்டி மேசைமேல் வைத்தார். கை தட்டினோம். கொடி ஒன்றும் அங்கே இல்லை. சாரின் வீட்டுப் பெட்டியில் சைக்கிளில் கட்டியவை இரண்டு இருந்தன, அவற்றை அவர் கொண்டுவரவில்லை. பேச்சு முடிந்ததும் தீப்பெட்டி சட்டைப்பைக்கே திரும்பிப் போயிற்று.

தீர்மானத்தைச் சார் சொல்ல நான் எழுதினேன். முப்பத்தோராம் பக்கம். 'ஒருவர் தம் கருத்தைச் சொல்வதற்காகக் கொடியை எரித்தால் அதுவும் பேச்சே. அதற்காக அவரைத் தண்டிக்கலாகாது.' முன்மொழிந்தவர் சார், வழிமொழிந்தவர் கலியாணசுந்தரம். ஆதரவு பதினான்கு, எதிர்ப்பு மூன்று. அந்த மூவரில் நான் ஒருவன். நல்ல துணியை எரிப்பது எனக்குப் பிடிக்கவில்லை என்று எழுந்து சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். நகராண்மை அலுவலகத்தில் பியூனாக இருக்கும் கலியாணசுந்தரம், "சேதுவுக்கு எதைப் பாத்தாலும் சலவைத் துணிதான்" என்றார். அடியில் சார் கையெழுத்துப் போட்டார்.

இனி இந்த வருடம். செப்டம்பர் நான்காம் தேதி, வியாழக்கிழமை, மாலை ஐந்தரை. சுதந்திர தினத்துக்கு வாசலில் கட்டிய கொடியைத் தேவதாஸ் அவிழ்த்துக்கொண்டு பின்பக்கம் கிணற்றடிக்குப் போனான். தேவதாஸ் பொதுப்பணி இலாகாவில் சாலை போடும் கூலி. அவன் அப்பா அப்பாசாமியும் அதே வேலைதான். குடியிருப்பு தெங்கேராவில், கூலிகளுக்கு இலாகா வரிசையாகக் கட்டிய லயத்தில். இந்த வருடம் தேர்வு எழுதித் தேறினால் இலாகாவின் சாமான் கிடங்கில் எழுத்து வேலை கிடைக்கும் என்று அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். தேர்வு மனுவில் நன்னடத்தைக்கு வகுப்பாசிரியர் கையெழுத்து வேண்டும். கடைசி நாள் பதின்மூன்றாம் தேதி, சனிக்கிழமை.

கிணற்றடியில் நாங்கள் ஐந்து பேர் நின்றிருந்தோம். தேவதாஸ் கொடியைத் துவைக்கும் கல்மேல் விரித்து, விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயை ஊற்றினான்.

"இந்த ரோட்டுல கொடிக்கம்பம் நட எங்கப்பா நாப்பது குழி வெட்டினாரு" என்றான். "மறுநாளு அவரு குடியுரிமை மனு திரும்பி வந்துருச்சு. முப்பத்திரெண்டு வருசமா இங்க இருந்ததுக்கு ருசு இல்லையாம். அதுக்கு நான் சொல்ற பதில் இது."

பற்றவைத்தான். பருத்தி கருகும் வாடை எனக்குப் பழக்கமானது. இஸ்திரிப் பெட்டியை மறந்து வைத்தால் சலவைக்கூடத்தில் வரும். போன வருடம் இந்த நாட்டுக் கொடி முதன்முதலாக ஏறும்போது திடலில் மழையில் நின்று பார்த்தவன் நான். அவன் கையைப் பிடித்திருக்கலாம், பிடிக்கவில்லை. பிடிக்காததற்குக் காரணம் தீர்மானமா பயமா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை.

தேவதாஸ் கைகழுவிவிட்டு உள்ளே போய்க் கணக்குப் புத்தகத்தைத் திறந்தான்.

அப்போதுதான் சார் வந்து சைக்கிளை நிறுத்தினார். புகையைப் பார்த்துத் தம்பிராஜாவும் பின்வாசலுக்கு வந்தார். பல தலைமுறைக்கு முன் இங்கே வந்த குடும்பம், அவர் பெயர்தான் தமிழ், பேசுவது மலாய். என்ன எரிகிறது என்று கேட்டார். சார் கல்லைப் பார்த்தார். கருகாமல் மிச்சமிருந்த மூலையில் மஞ்சள் பிறை தெரிந்தது.

"சம்பா சாஜா" என்றார் சார். வெறும் குப்பை என்று அர்த்தம். அதைச் சொல்லிக்கொண்டே காலால் மண்ணை இழுத்துப் பிறையை மூடினார். அந்தக் கொடியைப் பற்றி அன்று எவரும் சொன்னதில் இதைவிடக் கேவலமான சொல் இல்லை. அதற்காக அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

உள்ளே வந்து தேவதாஸிடம் தணிந்த குரலில், "விளக்கு விழுந்து பத்திக்கிச்சுன்னு சொல்லு" என்றார்.

"விளக்கு அங்கதான் தொங்குது சார்."

"விழுந்துச்சு, அப்புறம் எடுத்து மாட்டினோம்."

"நான்தான் எரிச்சேன். போன வருசம் நீங்கதானே சொன்னீங்க, இதுவும் பேச்சுன்னு. சேதுகிட்ட எழுத்துல இருக்கு."

சாருக்கு அப்போதுதான் முப்பத்தோராம் பக்கம் ஞாபகம் வந்தது. பிள்ளையார் கோயிலுக்குத் தேங்காய் நேர்ந்துகொள்கிறவர் முகமாக அவர் முகம் மாறியது.

மறுநாள் இதற்காகவே வகுப்பில் கூட்டம் வைத்தார், அதற்கு முன்னால் என்னைத் தனியே கூப்பிட்டார். "சேது, நீ எடம் விட்டு எழுதறவன். 'கொடியை'ங்கிறதுக்கு முன்னால ஒரே ஒரு வார்த்தை. 'அந்நிய'. நாலே எழுத்து. அதே பேனாதானே வெச்சிருக்க?"

"மை பழசாகிடுச்சு சார், நிறம் தெரியும்" என்றேன். நியாயமில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். மையைப் பற்றித்தான் சொல்ல வந்தது.

"உன் தேர்வு மனுவும் எங்கிட்டதான் இருக்கு" என்றார் சார்.

கூட்டத்தில் எழுந்து முப்பத்தோராம் பக்கத்தை இருந்தபடியே வாசித்தேன். நான் எதிர்த்து வாக்களித்த தீர்மானத்துக்கு அந்த அறையில் தேவதாஸைத் தவிர என்னைவிட்டால் ஆளில்லை. ஆதரித்தவர்களில் தேவதாஸ் போக மீதிப் பதின்மூன்று பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப இருந்த கொடி வேற, தம்பி" என்றார் கலியாணசுந்தரம்.

"கொடின்னுதான் எழுதியிருக்கு, அண்ணே" என்றேன்.

"எழுதுனது நீதானே?"

"நீங்க எல்லாம் கைதூக்கினீங்க. எண்ணியிருக்கேன்."

"கை தூக்குனப்ப மனசுல வெள்ளைக்காரன்தான் இருந்தான். மனசை நீ எண்ணலையே."

சிரித்தார்கள். போன வருடம் என்னைப் பார்த்துச் சிரித்த அதே வாய்கள், அதே பற்கள். தேவதாஸ் மட்டும், "அப்ப அடுத்தவன் கொடின்னா பேச்சு, நம்ம கொடின்னா குத்தம். அப்படியா அண்ணே?" என்றான்.

"நம்ம கொடின்னு உனக்கே தெரியுதுல்ல? அப்புறம் ஏன் எரிச்ச?"

"அடுத்த வீட்டுக்காரன்கிட்ட யாரு சண்டைக்குப் போவா? நம்ம வீட்டுலதானே கேக்க முடியும்."

பதில் சொல்வதைவிட வாக்கெடுப்பது சுலபம். போன வருடத் தீர்மானம் அந்நியக் கொடியைத்தான் குறித்தது என்று இந்த வருடம் தீர்மானித்தார்கள். ஆதரவு பதினைந்து, எதிர்ப்பு இரண்டு. பதினான்கு பேர் நினைத்ததைப் பிற்பாடு பதினைந்து பேர் கூடித் திருத்தினார்கள். போன வருடம் என்னோடு எதிர்த்த, அப்படி நினைக்காத இருவரும் அதில் சேர்ந்துகொண்டார்கள். பழைய பக்கத்தைத் தொடாமல் இதை நாற்பத்தாறாம் பக்கத்தில் தேதி போட்டு எழுதினேன். சார் அதற்கும் கையெழுத்துப் போட்டார்.

பிறகு தேவதாஸைப் பார்த்து, "நாளைக்குக் காலையில போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறேன். மனுவில கையெழுத்தும் கிடையாது" என்றார்.

நான் எழுந்தேன். மிரட்டவேண்டும் என்ற எண்ணமே எனக்கு இல்லை. ஆஸ்பத்திரியில் ஒரு போர்வை காணாமல் போனாலும் பேரேட்டோடுதான் புகார் கொடுக்கப் போவோம். அந்தப் பழக்கத்தில்தான் கேட்டேன்: "புத்தகத்தையும் கொண்டுபோகணுமே சார். ரெண்டு பக்கத்திலயும் உங்க கையெழுத்து இருக்கு. நானும் வரணுமா?"

போலீஸைப் பற்றி அதற்குப் பிறகு சார் பேசவில்லை.

திங்கட்கிழமை இரண்டு தாள்களை என் முன்னால் வைத்தார். ஒன்று தேவதாஸின் தேர்வு மனு. நன்னடத்தை என்ற இடத்தில் 'மிக நன்று' என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். மற்றது வகுப்பின் சாமான் பட்டியல். கரும்பலகை ஒன்று, விளக்கு ஒன்று, பெஞ்சு ஆறு. கொடி ஒன்று என்பதை அடித்து, பக்கத்தில் 'எலி கடித்துச் சேதம்' என்று எழுதியிருந்தார்.

"செயலாளர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி" என்றார். "நீ இதுல போட்டா அவன் அதை எடுத்துக்கிட்டுப் போகலாம். உன் கூட்டாளிக்கு நல்லது செய்யறதா, உன் எழுத்தைக் கட்டிக்கிட்டு அழுவறதா?"

தேவதாஸ் வெயிலில் தார் ஊற்றுவதை நினைத்தேன், கிடங்கில் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து எழுதுவதை நினைத்தேன். யாருக்கும் நட்டமில்லை என்று தோன்றியது. ஒரு சொல்லைச் சேர்க்க மறுத்த அதே பேனாவால் எலிக்குக் கீழே என் பெயரை எழுதினேன். என் தேர்வு மனுவையும் அப்போதே கையெழுத்தோடு கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

அன்று மாலையே தெங்கேராவுக்குச் சைக்கிளில் போய் மனுவைத் தேவதாஸிடம் கொடுத்தேன். அவன் அப்பா அப்பாசாமி உள்ளே பாயில் படுத்திருந்தார். தேவதாஸ் இரண்டு முறை படித்தான்.

"மிக நன்றா? நான் எரிச்சது என்ன ஆச்சு?"

சொன்னேன். அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் சிரித்தான். உள்ளே திரும்பி, "அப்பா, கொடியை எலி தின்னுடுச்சாம். செயலாளரு கையெழுத்துப் போட்டுருக்காரு" என்றான்.

"எந்த எலி?" என்றார் அப்பாசாமி.

"உனக்காகத்தான் போட்டேன், தேவா" என்றேன்.

"அந்த ஆளு என்னைப் போலீஸ்ல குடுத்திருந்தா, நான் என்ன சொன்னேன்னாவது அங்க ஒருத்தன் எழுதியிருப்பான். நீ எழுத வேண்டிய ஆளு. நீ அதை எலி வயித்துல போட்டுட்ட." மனுவை நான்காக மடித்து என் சட்டைப்பையில் செருகினான். "பேசினது எலின்னா தேர்வும் எலியே எழுதட்டும்."

செவ்வாயும் புதனும் எனக்கு வேலை ஓடவில்லை. படுக்கை விரிப்புகளை எண்ணி எண்ணித் தப்பாக எழுதினேன். வியாழக்கிழமை வகுப்புக்கு முன்னால் போய், சாமான் பட்டியலில் என் கையெழுத்தை ஒரு கோடு போட்டு அடித்து, தேதி எழுதினேன். அவ்வளவில் பரிகாரம் ஆகிவிட்டதாக நினைக்கவில்லை. கூட்டக் குறிப்பில் நாற்பத்தேழாம் பக்கத்தைத் திறந்து, '4.9.1958, மாலை ஐந்தரை, கிணற்றடி. தேவதாஸ் வகுப்பின் கொடியை எரித்தார். அப்போது அவர் சொன்னது:' என்று எழுதி நிறுத்தினேன். அவன் சொன்னது எனக்கு நினைவிருந்தது. ஆனால் என் கையை நம்பி அவன் வார்த்தையை எழுத எனக்குத் தைரியமில்லை. அவனே சொல்லி, அவனே கையெழுத்திட வேண்டும் என்று நினைத்தேன். கெடுவுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது, மனுவும் என் பையில் இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனேன். காஜா பேராங் சாலையில் கொடிக்கம்பங்களைப் பிடுங்கிய குழிகளில் கல்போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். தேவதாஸ் தார்ப் பீப்பாய் ஓரமாக உட்கார்ந்து தூக்குச்சட்டியில் சோறு தின்றுகொண்டிருந்தான். புத்தகத்தை விரித்து அவன் முன்னால் நீட்டினேன்.

"நீ சொன்னதை உன் வாயால சொல்லு தேவா. ஒரு எழுத்து மாத்தாம எழுதறேன். உன் கையெழுத்தும் போடு. மனுவும் கொண்டுவந்திருக்கேன்."

அவன் பக்கத்தைப் படித்தான். கை முழுக்கத் தார், புத்தகத்தைத் தொடவில்லை. கடைசிக் கவளத்தைத் தின்று, சட்டியைக் கவிழ்த்து, எழுந்து குழியின் பக்கம் நடந்தான்.

"அதான் எனக்குப் பதிலா ஏற்கெனவே ஒருத்தரு பேசிட்டாரே" என்றான் திரும்பாமலே. "அந்த எலிகிட்டப் போய்க் கேளு."