பத்து ஜிபி காலியாகும் வரை

“உன் அப்டேட் என்னைப் பொய்க்காரி ஆக்கிடுச்சு தம்பி,” என்றாள் நகல் கடை அக்கா.

போனில் வார்த்தைகள் குழறி வந்தன. உதடு வீங்கியிருக்கிறது என்று அவனுக்குப் புரிந்தது. அவனை அந்தக் கடைவீதியில் எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வைத்தியம் பார்ப்பது கம்ப்யூட்டர்களுக்கு மட்டும்.

எட்டு நாளைக்கு முன்பு அக்காவின் கடைக் கம்ப்யூட்டருக்குப் பெரிய அப்டேட் போட்டவன் அவன்தான். புதியது தகராறு செய்தால் திரும்பிப் போக வழி இருக்கட்டும் என்று பழைய சிஸ்டத்தை அழிக்காமல் விட்டிருந்தான். அந்த மூட்டை மட்டும் இருபத்து நான்கு ஜிபி. டிஸ்க் நிரம்பி, கடைக் கேமராவின் பதிவு அன்றே நின்றுபோனது. நேற்று கணவன் கடைக்குள் வந்து அடித்தபோது, எல்லாம் கேமராவில் இருக்கிறது என்ற தைரியத்தில் அக்கா காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தாள். போலீஸ்காரர்கள் வந்து தேடினார்கள். எட்டு நாளாக ஒன்றுமே பதிவாகவில்லை. “படியில விழுந்தா சார்,” என்றான் கணவன். அவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள்.

“போனை ஸ்பீக்கர்ல போட்டு மேசையில வச்சிடுங்க அக்கா. இங்கேருந்தே கிளீன் பண்றேன்.”

அவளுடைய கம்ப்யூட்டரின் திரை இப்போது அவன் மேசையில் தெரிந்தது. பழைய அப்டேட் கோப்புகளையும் பழைய சிஸ்டத்தையும் டிக் செய்தான்.

“இனிமே பழசுக்குத் திரும்ப முடியாதுங்குது. ஓகே குடுக்கட்டுமா?”

“குடுப்பா. பழசுல எனக்கு என்ன கொட்டியா கிடக்கு?”

அழிப்பு தொடங்கியது. திரையின் மூலையில் கேமரா காட்டும் கடை தெரிந்தது. தெரிந்ததே தவிர, பதிவாகவில்லை. பத்து ஜிபி காலியானால்தான் பதிவு தானாகத் தொடங்கும். இப்போது மூன்று.

அப்போது கடையின் ஷட்டர் பாதி இறங்கியது. அக்காவின் கணவன் குனிந்து உள்ளே வந்தான்.

“எழுதிக் குடுத்தியாமே?”

முதல் அடியில் அவள் காகிதக் கட்டுகள் மேல் விழுந்தாள். முடியைப் பிடித்துத் தூக்கி, நகல் இயந்திரத்தின் கண்ணாடியில் முகத்தை மோதினான். கண்ணாடி விரிசல் விட்டது. “எங்கே, உன் கேமராவைக் கூப்பிடு! அதுதான் கண்ணு அவிஞ்சுபோச்சே!”

டாக்டர் வாயைத் திறந்தான். திறந்த வாயை மூடிக்கொண்டான். ஸ்பீக்கரில் சத்தம் கேட்டால் அந்த ஆள் முதலில் உடைப்பது கம்ப்யூட்டரைத்தான். அப்புறம் நாளைக்கும் அக்கா பொய்க்காரி. ஐந்து ஜிபி. இன்னும் ஐந்துதான். கடவுளே, சீக்கிரம்.

மூன்றாவது அடி வயிற்றில். நான்காவது, காலால், விலாவில். அவள் கத்தவில்லை, மூச்சு மட்டும் சீறியது. டாக்டரின் கண் அவள் மேல் இல்லை, எண்ணின் மேல் இருந்தது. ஆறு புள்ளி இரண்டு. ஏழு. ஐந்தாவது அடி எங்கே விழுந்தது என்பதை அவன் பார்க்கவே இல்லை.

பார்த்தபோது, கணவன் அவளைக் காகிதம் வெட்டும் மேசைக்கு இழுத்துப் போயிருந்தான். நீளக் கத்திக்கு அடியில் அவளுடைய வலது கையை விரித்து அழுத்தினான்.

“எழுதிக் குடுத்தது இந்தக் கைதானே?”

கத்தி மேலே போனது. எட்டு புள்ளி நான்கு.

“கையை விடுடா!” டாக்டரின் குரல் அந்தக் கடைக்குள் இடித்தது. “நான் பாத்துட்டிருக்கேன்! எல்லாத்தையும் பாத்துட்டேன்!”

கணவன் துள்ளித் திரும்பினான். அவள் கையை உருவிக்கொண்டாள். விழுந்த கத்தி சுண்டுவிரலின் தோலைச் சீவிக்கொண்டு போனது. அடுத்த நொடி கம்ப்யூட்டர் தரையில் சிதறியது. டாக்டரின் திரை இருண்டது. ஒன்பது புள்ளி ஒன்றில் எல்லாம் முடிந்தது.

பக்கத்துச் சாவிக்கடைக்காரரை அழைத்தான். “அண்ணே, நகல் கடை ஷட்டரைத் தூக்குங்க. அக்காவைக் கொல்றான்!” சொல்லிக்கொண்டே பைக்கை உதைத்தான்.

காவல் நிலையத்தில் கணவன் மூக்கைப் பிடித்தபடி பெஞ்சில் இருந்தான். “ஷட்டர்ல இடிச்சுக்கிட்டார்,” என்றார் சாவிக்கடைக்காரர் சாதுவாக.

“பதிவு இருக்கா?” என்றார் ஆய்வாளர்.

“இல்ல சார். நான் பாத்தேன். அஞ்சு அடி.”

“உன் போன்ல படம் எடுத்திருக்கலாமே?”

“தோணல சார்.”

“பேரு மட்டும் டாக்டர்! சரி, அஞ்சு அடி விழற வரைக்கும் என்ன பண்ணிட்டிருந்தே?”

கைகால் உதறியது, நாக்கு எழவில்லை என்று சொல்லியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

“டிஸ்க் காலியாகட்டும்னு காத்திட்டிருந்தேன் சார். நான் கத்தியிருந்தா முதல் அடியோட நின்னிருக்கும். பதிவாகணும்னு விட்டுட்டேன்.” அவன் அக்காவின் பக்கம் திரும்பவில்லை. “கேமரா நின்னதும் என்னாலதான்.”

ஆய்வாளரின் பேனா நின்றது. அவனையும் பெஞ்சில் இருந்தவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பொய் சாட்சி சொல்ல வந்தவன் இதைச் சொல்ல மாட்டான்,” என்று எழுத்தரிடம் சொன்னார். “இவன் சொன்னதை அப்படியே எழுது. ஒரு வார்த்தை விடாம.”

அக்காவுக்கு யாரோ ஒரு தம்ளர் தண்ணீர் வைத்திருந்தார்கள். உதடு எரிந்ததால் அவள் குடித்திருக்கவில்லை. அதை மேசையோடு அவன் பக்கம் நகர்த்தினாள்.

“குடி தம்பி. வேர்த்துக் கொட்டுது பாரு.”

“அக்கா, நான்...”

“முதல்ல குடி. திட்ட வேண்டியதை அப்புறமா உக்காந்து திட்டறேன்.”

அடிபட்டவள் கொடுத்த தண்ணீரை இரண்டு கைகளாலும் வாங்கிக் குடித்தான். கோயிலில் வாங்குவதைக்கூட அவன் அவ்வளவு பணிவாக வாங்கியதில்லை.

எழுத்தர் அக்காவின் புகார்த் தாளை நீட்டினார். சுண்டுவிரலில் சுற்றிய துணியில் ரத்தம் ஊறியிருந்தது. மற்ற விரல்களால் பேனாவைப் பிடித்து, அதே வலது கையால், அக்கா தன் பெயரை முழுதாக எழுதினாள்.