அப்சரிடம் சொல்லிப் பார்த்தது

நாற்பத்தாறு வயது மனுஷன் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு ஓடுகிறான் என்றால் ஊர் என்ன நினைக்கும்? கோயிலுக்கு என்று நினைக்கும். மன்னார்குடியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் இனியவன் ஓடியது துப்பாக்கி எடுக்க. கம்ப்யூட்டர் துப்பாக்கிதான், பயப்பட வேண்டாம்.

இருபத்தைந்து வயதில் நாலு பேர் தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு நெட் சென்டரே கதியென்று கிடந்தார்கள். இனியவன், கூத்தாநல்லூர் அப்சர், ஆஸிம், சூர்யபிரகாஷ். கவுண்டர் ஸ்ட்ரைக் என்ற விளையாட்டு. ஒரு கட்சி குண்டு வைக்கும், இன்னொரு கட்சி தடுக்கும், அவ்வளவுதான் கதை. பாலைவனத்துத் தெருக்களாக விரியும் அந்தக் களத்துக்கு இவர்கள் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்திருந்தார்கள். குண்டு வைக்கும் இரண்டு இடமும் மேலக்கரை, கீழக்கரை. நடுவில் ஒடுங்கிய சந்து மதகு. "மதகுல ஒருத்தன் வர்றான்டா" என்று கத்தினால் வெளியூர்க்காரனுக்கு ஒரு எழவும் புரியாது. அதிலேயே பாதி ஆட்டத்தை ஜெயித்துவிடுவார்கள். அப்புறம் கல்யாணம், குவைத், சென்னை என்று ஆளுக்கொரு பக்கம் போனார்கள். பேச்சும் நின்றுபோனது.

மகள் எழில்மொழி கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போகும்போது பழைய கம்ப்யூட்டரை வீட்டிலேயே விட்டுப் போனாள். வீட்டில் மிச்சம் இருந்தது அதுவும் இனியவனும்தான். மனைவி செந்தாமரை இறந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. காய்ச்சல் என்று தஞ்சாவூருக்குக் கூட்டிப் போனான். நடந்துதான் வண்டியில் ஏறினாள். திரும்பி வந்தது உடம்புதான். அதற்குப் பிறகு கடை விட்டு வந்ததும் டிவியைப் போட்டுவிடுவான். பார்ப்பதற்கு இல்லை, வீட்டில் ஒரு பேச்சுச் சத்தம் வேண்டும் என்பதற்கு. ஒரு நாள் அந்தக் கம்ப்யூட்டரில் பழைய விளையாட்டை ஏற்றினான். கை மறக்கவே இல்லை. ஆனால் இணையத்தில் ஆடவந்த பொடியன்கள் தலை நீட்டும் முன்பே அவனைச் சுட்டுத் தள்ளினார்கள். "மதகு, மதகு" என்று இவன் கத்தியது ஒருத்தனுக்கும் புரியவில்லை.

அப்போதுதான் அந்த மூன்று பேரையும் தேடினான். யார் யாரையோ கேட்டு நம்பர்களைப் பிடித்தான். சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்த சூர்யபிரகாஷ், நாலு பேரும் ஆட ஒரு சர்வர் பிடித்துக் கொடுத்தான். குவைத்தில் இருந்த அப்சருக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. அவன் ஜும்ஆ தொழுது, சாப்பிட்டு வர, நமக்கு இங்கே சாயங்காலம் ஆகிவிடும். அதுவே ஆட்ட நேரம் என்று முடிவானது.

முதல் வெள்ளிக்கிழமை ஹெட்போனில் அப்சரின் குரல் வந்தது. கொஞ்சம் தடித்திருந்தது, மற்றபடி அதே குரல்.

"மாப்ள, உசுரோடதான் இருக்கியா?"

"இருக்கேன் மச்சான்."

"தங்கச்சி நல்லாருக்கா?"

"நல்லாருக்காடா."

செந்தாமரையைத்தான் அப்படிச் சொல்லிவிட்டான். எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. சம்பா முழுகி அழுகிக் கிடக்கும், அந்த வரப்பில் நின்றுகொண்டு நல்லாருக்கீங்களா என்று கேட்டாலும், நல்லாருக்கோம், நீங்க எப்படி இருக்கீங்க என்றுதான் பதில் வரும். யோசித்துச் சொல்லும் பதில் இல்லை அது, நாக்கு தானாகச் சொல்வது. திருத்தலாம் என்று இனியவன் வாயைத் திறந்தான். அதற்குள் ஆஸிம் மதகைப் பார்க்கச் சொல்லிக் கத்தினான், ஆட்டம் ஆரம்பித்துவிட்டது.

அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்றிருந்தான். அடுத்த வாரம் அடுப்படியில் பூனை பாத்திரத்தை உருட்டியது. "என்னடா சத்தம், தங்கச்சி திட்டுதா?" என்றான் அப்சர். "ஆமா மச்சான், திட்டுறா" என்றான் இவன். சொன்ன மாத்திரத்தில் நெஞ்சுக்குள் அப்படி ஒரு சுகம். செந்தாமரை அடுப்படியில் நின்று, இந்த வயசுல என்ன விளையாட்டு என்று முணுமுணுப்பது போலவே இருந்தது. அழுகை வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

பிறகு என்னத்தைச் சொல்ல. வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் செந்தாமரை அந்த வீட்டில் இருந்தாள். காபி கொண்டுவந்து வைத்தாள், கூப்பிட்டாள், கோபித்துக்கொண்டாள். என்ன சமையல் என்று அப்சர் கேட்டால் மீன் குழம்பு என்பான் இனியவன், அவள் கைக்குழம்பின் நினைப்பில். வெள்ளிக்கிழமையில் மீன் குழம்பு! கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமையில் கவுச்சிச் சட்டியைத் தொடாதவள் அவள். பொய்க்குக் கிழமை எங்கே தெரிகிறது? ஆட்டம் முடிந்து ஹெட்போனைக் கழற்றினால் அடுப்படி இருட்டாக இருக்கும். காலையில் வடித்த சோற்றில் மோரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் படுப்பான். பைத்தியமில்லை, எல்லாம் தெரிந்துதான் செய்தான்.

சூர்யபிரகாஷுக்கு வெள்ளிக்கிழமை மீட்டிங் வந்தது. ஆஸிமுக்குக் கடையில் ஆள் நின்றுவிட்டது. அப்சர் மட்டும் விடாமல் வந்தான். ஆள் குறைந்தால் அந்த விளையாட்டில் பொம்மை வீரர்களை இறக்கிக்கொள்ளலாம், தானாக ஓடும், தானாகச் சுடும். இனியவன் அந்தப் பொம்மைகளுக்குக் கூட்டாளிகளின் பெயரையே வைத்தான். அப்சர் வராத மற்ற நாட்களில் ஒரு பொம்மைக்கு அப்சர் என்றும் பெயர் உண்டு.

ஒரு வெள்ளிக்கிழமை ஆட்டம் முடியும்போது அப்சர் சொன்னான்.

"மாப்ள, லீவு கெடச்சிருச்சு. அடுத்த ஞாயித்துக்கெழம ஹஃப்ஸாவக் கூட்டிக்கிட்டு நேரா உன் வீட்டுக்குத்தான் வர்றேன். வாரா வாரம் மீன் கொழம்புன்னு சொல்லியே கொல்றியே, எங்களுக்கும் ஒரு சட்டி வைக்கச் சொல்லு. வர்ற வெள்ளி ஆட்டத்துக்கு வர மாட்டேன், பெட்டி கட்டணும்."

ஹஃப்ஸா அப்சரின் மனைவி, கூத்தாநல்லூர் வீட்டில் இருப்பவள். அவன் வாசலில் வந்து நிற்பதற்குள் சொல்லியாக வேண்டும். போனை எடுத்தான், வைத்தான். மறுநாளும் எடுத்தான், வைத்தான். இத்தனை மாதம் பொய் சொன்னவனோடு அப்சர் இனி பேசுவானா என்று பயம். அது ஒரு பயம்தான். சொல்லிவிட்டால் வெள்ளிக்கிழமையும் அவள் இருக்க மாட்டாள் என்பது அதைவிடப் பெரிய பயம்.

அந்த வெள்ளிக்கிழமை சர்வரில் தனியாகப் போய் உட்கார்ந்தான். பொம்மைகளை இறக்கினான். சரி, இவனிடமாவது சொல்லிப் பார்த்துப் பழகுவோம் என்று மைக்கை வாயருகே இழுத்தான்.

"மச்சான், ஒண்ணு சொல்லணும்டா."

பொம்மை அப்சர் மதகைப் பார்த்து ஓடியது. "நில்லுடா" என்று பின்னாலேயே ஓடினான். "செந்தாமரை வந்து..." என்பதற்குள் பொம்மை ஆஸிம் இவனைச் சுட்டது. அடுத்த ஆட்டம் வரக் காத்திருந்து பொம்மை அப்சரை மறுபடி துரத்தினான். அது ஒரு சுவரோரம் முட்டிக்கொண்டு நின்றபோது துப்பாக்கியைத் தாழ்த்தி எதிரே நின்றான்.

"செந்தாமரை இல்லடா மச்சான். போய் ரெண்டு வருஷம் ஆவப்போவுது. நீ நல்லாருக்காளான்னு கேட்டியா, நல்லாருக்கான்னு வாயில வந்துருச்சு. அப்புறம் மாத்திச் சொல்ல மனசு வரல. நீங்க வந்தா அவளும் வர்றா. நீங்க போனா போயிடுறா. வீட்ல யாரும் இல்லடா. எழிலு போன் பண்ணா சாப்பிட்டேன்னு சொல்றேன். சமைக்கவே இல்ல."

சொல்லி முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டான். பரவாயில்லை, போனிலும் இப்படியே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அப்போதுதான் ஆடுகிறவர்களின் பட்டியலைப் பார்த்தான். ஒரே பெயரில் இரண்டு பேர் வந்தால் இரண்டாமவன் பெயருக்கு முன்னால் ஒன்று என்று எண் போட்டுவிடும் அந்த விளையாட்டு. அப்சருக்குக் கீழே, எண்ணோடு இன்னொரு அப்சர் இருந்தான்.

"மாப்ள" என்றது ஹெட்போன்.

இனியவன் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்தான்.

"எந்த அப்சர்கிட்டடா பேசிக்கிட்டிருக்க?"

பொம்மை அப்சர் சுவரை விட்டு விலகித் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

"மீன் கொழம்புன்னு ஹஃப்ஸாகிட்ட போன்ல சொன்னேன். வெள்ளிக்கெழம அவங்க வீட்ல கவுச்சி வைப்பாங்களான்னு கேட்டா. அப்பதான் எனக்கே ஒறச்சுது. கேட்டுறலாம்னு பெட்டியப் பாதியில போட்டுட்டு வந்தேன்." பிறகு அப்சர், சாவைக் கேட்டால் சொல்லும் இன்னாலில்லாஹியை மெதுவாகச் சொல்லி முடித்தான்.

"கோவமா மச்சான்?"

"கோவந்தான். ஞாயித்துக்கெழம வந்து வச்சுக்கிறேன். மீன் நாங்க வாங்கிட்டு வர்றோம், ஹஃப்ஸா கொழம்பு வைப்பா. நீ சும்மா இரு."

"சரிடா."

இரண்டு பேரும் ஆடவில்லை, ஹெட்போனைக் கழற்றவும் இல்லை. குவைத்தில் யாரோ பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"ஏன்டா மாப்ள, ஒவ்வொரு வாரமும் தங்கச்சிக்கு என் சலாமச் சொல்லுன்னு சொல்லிட்டுத்தானே போனேன். நீயும் சொல்றேன், சொல்றேன்னியே."

"சொன்னேன் மச்சான்."

"யார்கிட்டடா?"

"அவகிட்டதான். ஒரு வாரம்கூட விடல."