மேலிருந்து அடைப்பது

வேலுத்தாய் அக்காவின் பூண்டுப் பாத்திகளில் தண்ணீர் நின்றதற்கு மழையைக் குற்றம் சொல்லலாம் என்று பார்த்தேன். மழை ஒத்துழைக்கவில்லை, இரவெல்லாம் வெறும் தூறல்தான். சதுப்புத் தண்ணீரை வடிக்கும் வாய்க்காலை அடைத்தது நான்.

அதனால் காய்ந்துபோன சதுப்பை மீட்பதுதான் என் வேலை. அதற்கு அடைப்பை மேலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். ஊருக்கெல்லாம் படம் போட்டு விளக்கியவனே நான்தான். ஆனால் மேலே இருப்பது அக்காவின் நிலம், அவர் அப்பா கல்யாணச் சீராகக் கொடுத்தது. அங்கே அடைக்க ஆடியிலிருந்து கேட்கிறேன். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்காரர் திருமலைச்சாமியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பாப்பம் தம்பி" என்பார். கீழ்முனை ஊர்ப் பொதுநிலம், கேட்டதும் கிடைத்தது. பக்கத்திலேயே டீக்கடை வேறு. வாட்டில் மரக்கட்டைகளை அடுக்கி, மண்மூட்டைகளை வைத்து மிதித்து, போட்டோ எடுத்து, பஜ்ஜியும் தின்றுவிட்டுக் கொடைக்கானலுக்கு பஸ் ஏறிவிட்டேன். போகவழியில்லாத தண்ணீர் பின்வாங்கிப் பூண்டுக்குள் படுத்துக்கொண்டது.

காலையில் திரும்பி வந்து என் அடைப்பை நானே பிடுங்கி எறிந்தேன். பிறகு மூன்று பேருமாகக் குனிந்து, அழுகுவதற்குள் விளையாத பூண்டைப் பிடுங்க ஆரம்பித்தோம்.

"நெல்லுன்னு நெனச்சுட்டான் போல," என்றார் திருமலைச்சாமி.

"டவுன்ல தண்ணிக்குள்ளதான் பூண்டு நடுவாக," என்றார் அக்கா.

திட்டியிருந்தால் தேவலை. திருமலைச்சாமி அண்ணன் வழக்கம்போல வாய்க்காலைத் தடவிப் பார்த்து, கரை உடையவில்லை என்று தெரிந்ததும் நிம்மதியானார். கல்யாணமான புதிதில் தனியாளாக அவர் வெட்டியது அது. நான் வரும்போதெல்லாம் பெற்ற பிள்ளையைக் காட்டுவதுபோல் கூட்டிப்போய்க் காட்டுவார். அதைத்தான் தூர்க்கக் கேட்கிறேன்.

"அக்கா, இனிமே கேக்க எனக்கு மூஞ்சி இல்ல. வேணாம்னு நேரா சொல்லிருங்க. போயிர்றேன்."

அக்கா கையிலிருந்த பூண்டை அலசினார். நிமிர்ந்தார். முதல்முறையாக அண்ணன் பக்கம் திரும்பாமல் என்னையே பார்த்தார்.

"அடைங்க தம்பி. மேலருந்து அடைங்க. இவரு வாய்க்கா வெட்டுன மறு கோடையிலயே சதுப்பு காஞ்சு, கீழ இருந்த ஊத்து வத்திப்போச்சு. அன்னையிலருந்து கோடைன்னா தண்ணிக்குக் கொடத்தோட அந்த மேட்டுல ஏறி எறங்கிட்டுத்தான் கெடக்கேன். கையெல்லாம் கொப்புளமா வந்து நின்ன மனுசன்ட்ட எப்பிடிச் சொல்ல?"

அண்ணன் தேங்கிய தண்ணீரில் சேற்றைக் கழுவிவிட்டு, உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, வாய்க்கால் ஓரமாகவே மேலே நடக்க ஆரம்பித்தார்.