மூன்று கோட்டுக் கிண்ணம்

என் மனைவி கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், வாசல் சோதனையில் மேஸ்திரி துழாவியபோது அவள் பைக்குள்ளிருந்து பச்சைக் கிண்ணம் ஒன்று வந்தது. இலை போட்ட கிண்ணம். அங்கே தயாராவதும் அதே இலைக் கிண்ணம்தான். காலையில் பழைய சாமான் கடையில் வாங்கினேன் என்றாள். ரசீது இல்லை. வேலை போயிற்று. ஓரம் உடைந்திருந்ததால், விற்க லாயக்கில்லை என்று கிண்ணத்தை மட்டும் அவளிடமே வீசிவிட்டார்கள்.

நான் பெரிய மனுஷன் மாதிரி, "போகட்டும் விடு" என்றேன். எடுத்திருப்பாள் என்றுதான் நினைத்தேன். யாரையும் லேசில் நம்புகிறவன் இல்லை நான்.

போன மாதம் பழைய தொழிலாளர் கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. அதைச் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்தாள்.

"போகலையா?"

"திருடிக்கு அங்க என்னங்க வேலை?"

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வெங்காயத்தால்தான் என்று நினைக்கப் பார்த்தேன். முடியவில்லை.

கிண்ணத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு, பழைய கண்ணாடிச் சாமான் விற்கிற ஒரு அம்மாவிடம் போனேன். தொழிற்சாலையின் பெயரைச் சொல்லி, இது அங்கே செய்ததா என்று கேட்டேன்.

"கையில கொடுங்க ஐயா."

"நான் பிடிச்சிருக்கேன். நீங்க பாருங்க."

"முழுங்கிடவா போறேன்?"

அலமாரியிலிருந்து இன்னொரு பச்சைக் கிண்ணத்தை எடுத்தார். அதே தொழிற்சாலைச் சரக்கு, பெட்டியோடு இருந்தது. நிறம், இலை எல்லாம் அச்சு அசல். கிண்ணத்தைத் திரும்பத் துண்டில் சுற்றப் போனேன்.

"விரலால தடவுங்க. அச்சு சேர்ற இடத்துல கோடு இருக்கும். இதுல எத்தனை?"

"ரெண்டு."

"உங்களதுல?"

மூன்று. மறுபடி தடவினேன். மூன்றுதான்.

"மூணு துண்டு அச்சு. அந்தத் தொழிற்சாலையில அப்படி ஒண்ணு இருந்ததே இல்ல."

ஊதா விளக்கை அடித்தார். எங்கள் கிண்ணம் பச்சையாய்த் தகதகத்தது. மற்றது சும்மா கிடந்தது. யுரேனியம் கலந்த கண்ணாடிதான் அப்படி ஒளிருமாம்; அந்தத் தொழிற்சாலையில் அதைக் கலந்ததே இல்லையாம். பிறகு பழைய விலைப்பட்டியலைப் புரட்டி, எங்கள் கிண்ணத்தின் படத்தைக் காட்டினார். கடல் தாண்டி இருந்த கம்பெனி. அவள் வேலைக்குச் சேருமுன்பே மூடிவிட்டார்களாம்.

"உங்களதுதான் அசல். இந்தத் தொழிற்சாலைக்காரங்கதான் பார்த்துக் காப்பி அடிச்சிருக்காங்க."

"அப்ப திருடினது யாரு?"

"அதை என்கிட்ட கேட்டா?" என்றவர், நான் கேட்காமலே எல்லாவற்றையும் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கிண்ணத்தை அவர் மேஜையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் கும்பிட்டேன். என்னைப் பிழைக்க வைத்த டாக்டரைக்கூட அப்படிக் கும்பிட்டதில்லை.

வீட்டுக்கு வந்து, "நீ எடுக்கல" என்றேன்.

"எனக்குத் தெரியாதாக்கும்?"

"நீதான் எடுத்திருப்பேன்னு நான் நினைச்சிருந்தேன்."

"அதுவும் தெரியும்."

"தெரிஞ்சுமா இத்தனை வருஷம் எனக்குச் சாப்பாடு போட்ட?"

"பசின்னு வந்து நிப்பீங்க. என்ன பண்றது?"

கடைக்கார அம்மா எழுதிக் கொடுத்ததை நீட்டினேன். தாளை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தாள். பிறகு அழைப்பை என்னிடம் நீட்டி, "எத்தனை மணிக்குன்னு படிங்க" என்றாள்.

எழுத்துக் கூட்டிப் படித்தேன். பத்தரை.

"அப்ப ஒன்பதுக்கே கிளம்பணும். நீங்களும் வாங்க. அந்த மேஸ்திரி உயிரோட இருந்தா, முதல்ல அவர்கிட்டதான் காட்டணும்."

அவளிடம் போய் நன்றி என்று சொன்னால், உடம்புக்கு என்ன என்று கேட்பாள். அதனால் அவளுடைய நல்ல செருப்பை எடுத்துத் துடைத்து வாசலில் வைத்தேன்.