கண் எழுதிய படம்

அந்தப் பழைய பத்திரிகைச் செய்தியைச் சுபாஷ்ரீ மறுபடியும் வாசித்தாள். மடிக்கணினியை அப்படியே மூடிவிட்டுச் சாமி அறைக்குப் போனாள்.

மாட்டுவண்டியில் கூடாரமும் கண்ணாடித் தகடுகளுமாக ஊர் ஊராகத் திரிந்த பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகைப்படக்காரர்களைப் பற்றியது அவள் ஆராய்ச்சி. பழைய மெட்ராஸ் பத்திரிகைகளில் அவர்கள் கொடுத்த விளம்பரங்களை விட்டால் வேறு தடயம் கிடையாது. தெய்வநாயகம் என்பவன், இறந்தவர்களையும் உயிரோடிருப்பதுபோல் எடுத்துத் தருவதாக விளம்பரம் போட்டிருந்தான். அவனைத் தேடிக்கொண்டே போனதில்தான் இந்தச் செய்தி அகப்பட்டது. அவள் கணவன் வீட்டாரின் பூர்வீக ஊரான உத்திரமேரூரில் ஒரு மிராசுதாரின் இளம் மனைவியைப் பிணமாக நாற்காலியில் கட்டி உட்காரவைத்துப் படமெடுத்ததாகவும், மூடிய கண்களைத் திறந்ததுபோல் எழுதச் சொன்னார்கள், கழுத்தில் இருந்த கயிற்றுத் தடத்தின்மேல் அட்டிகை வரையச் சொன்னார்கள் என்றும் அவன் மாஜிஸ்திரேட்டிடம் சொல்லியிருந்தான். அடுத்த வாரமே, தான் தவறாகப் பார்த்துவிட்டதாக மாற்றிச் சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு எந்தப் பத்திரிகையிலும் அவன் பெயர் இல்லை.

சாமி அறையில் மாமியார் இந்திராணி பூவாடைக்காரி படத்துக்குப் பூச்சரம் சாத்திக்கொண்டிருந்தாள். சுமங்கலியாகச் செத்து இந்த வீட்டுக்குத் தெய்வமானவள். கல்யாணம் எதுவானாலும் முதலில் அவளுக்குப் புடவை வைத்துப் படைப்பார்கள். நாத்தனார் கீதாவின் கல்யாணத்துக்காக இன்று படையல். வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து சுபாஷ்ரீ விழுந்து கும்பிட்ட படம்தான். இன்றைக்குத்தான் கிட்டத்தில் போய்ப் பார்த்தாள். கண்கள் அளவுக்கு மீறி அகன்றிருந்தன. இரண்டும் ஒரே இடத்தைப் பார்க்கவில்லை. காதுத் தோட்டுக்கு நிழல் இருந்தது. அட்டிகைக்கு இல்லை.

இவர் எப்படிச் செத்தார் என்று அத்தையிடம் கேட்டாள்.

இந்திராணி திரும்பவில்லை. “ஜொரம்னு சொல்லுவாங்க. பூவும் பொட்டுமா போய்ட்டா. இன்னாத்துக்கு இப்ப அது?”

வாசித்ததைச் சுபாஷ்ரீ தணிந்த குரலில் சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே கதவருகில் கணவன் மோகன்குமார் நிற்பது தெரிந்தது. அவன் அறைக்குப் போய் மடிக்கணினியைத் திறந்து வாசித்துவிட்டு வந்தான். கோபப்படவில்லை. இந்த ஒருத்தனை மட்டும் விட்டுவிடு, எழுத வேறு ஆட்களா இல்லை என்று சிரித்தபடி கேட்டுக்கொண்டே, விளையாட்டுப்போல அவள் மணிக்கட்டைப் பிடித்தான். சம்பந்தி வீட்டார் வருகிற நேரம் என்பதையும் நினைவுபடுத்தினான்.

“அந்தப் பொண்ணு பேருகூட பேப்பர்ல இல்லைங்க. நம்ம வூட்ல யாருக்காவது தெரியுமா?”

கூடத்தில் யாரோ உறவுக்காரப் பெண் இலை போதுமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

படைத்த புடவையை எடுத்து மருமகளின் தோளில் போட்டுவிட்டு, இந்திராணி அதன் மடிப்பை நிதானமாக நீவினாள்.

“இத்தினி வருஷமா இந்த வூட்டு மானத்தக் காப்பாத்திக்கினு கீறா அவ. நீயும் இந்த வூட்டுக்கு வந்தவதான்.”

கற்பூரம் ஏற்றித் தட்டை நீட்டினாள். மோகன்குமாரின் சிரிப்பு மாறவில்லை, பிடியும் தளரவில்லை. அவன் பிடித்திருந்தது வலது கையை, அவள் எழுதுகிற கையை. வாசலில் கார்க் கதவுகள் சாத்தப்படும் சத்தம் கேட்டது. சுபாஷ்ரீ அசையாமல் நின்றாள். தட்டில் சுடர் அவள் பக்கமாகச் சாய்ந்து எரிந்துகொண்டிருந்தது.